இருவேல்பட்டுக்குப் போன வினாத்தாள்

சமூகத் தரவு அறிவியலில் முனைவர் பட்டம் என்றால் நாம் கணினியையே நினைக்கிறோம். சென்னையில் அதற்கு முன்னோடி ஒரு வினாத்தாள். பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களில் நிலம், கூலி, கடன் விவரங்களைத் திரட்டினார். 1918இல் அது நூலாயிற்று. மாணவர்கள் தாம் நன்கறிந்த ஊர்களையே எழுதினர். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை கேட்டால் பண்ணையாள் தன் கடனை உள்ளபடி சொல்லியிருப்பாரா என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் அக்கணக்கு இல்லையேல் பின்வந்தோர் எதனோடு ஒப்பிடுவர்?

1971இல் மால்கம் ஆதிசேஷையா அடையாற்றில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்றும் முனைவர் பட்ட ஆய்வுகள் நடக்கின்றன. அங்கிருந்த எஸ். குகன், ஜோன் மென்ச்சருடன் 1981இல் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டை மறு ஆய்வு செய்தார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் சென்றபோது, பழைய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்து, தலித் மக்கள் அதை அண்டி வாழும் நிலை பெரிதும் நீங்கியிருந்தது.