நான்கு சுவர்களுக்கிடையே

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் மாணவர்களுக்குக் கபடியைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்குவாஷ் என்னும் ஆட்டத்தையோ அவர்களுள் நேரிற் கண்டவர் சிலராகவே இருப்பர். 32 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள ஓர் அறைக்குள், இருவர் மாறி மாறிச் சிறு ரப்பர்ப் பந்தை முன்சுவரின்மீது மட்டையால் அடிப்பதே அவ்வாட்டம். குளிர்ந்த பந்து எழும்பாது. ஆதலால் முதலில் அதனை அடித்தடித்துச் சூடேற்றுவர்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் உருவான இவ்வாட்டம், ஆங்கிலேயப் படையினரோடும் அதிகாரிகளோடும் நம் நாட்டிற்கு வந்தது. உடன் வந்த கிரிக்கெட், ஒரு மட்டையும் சிறிது வெற்றிடமும் கிடைத்த தெருவெல்லாம் பரவியது. ஸ்குவாஷுக்குச் சுவர் வேண்டும். சுவரோ உறுப்பினர்க்கு மட்டுமே கதவு திறக்கும் கிளப்புகளில் இருந்தது.

1986இல் சென்னையில் பிறந்த ஜோஷ்னா சின்னப்பாவுக்கு அக்கதவு குடும்பத்தின் வழியே திறந்தது. தந்தையார் அஞ்சன் சின்னப்பா தமிழ்நாட்டிற்காக ஸ்குவாஷ் ஆடியவர். மகள் 2000இல், தம் 14ஆம் வயதிலேயே, தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். 2005இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் போட்டியில் 19 வயதுக்குட்பட்டோர் பட்டமும் அவருக்குக் கிட்டியது.

அதன்பின் வந்ததே கடினமான பகுதி. விளையாட்டைத் தொழிலாகக் கொள்வதென்றால் ஊர் ஊராக, நாடு நாடாகச் செல்ல வேண்டும். முதற் சுற்றில் தோற்றவருக்குக் கிடைக்கும் தொகையோ சொற்பம். ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டத்திற்குப் புரவலரும் அரியர். பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. தேசியப் போட்டியில் ஆடவருக்கு நிகரான பரிசுத்தொகை இல்லை என்பதால், சென்னையின் மற்றொரு வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் 2012 முதல் 2015 வரை அதில் கலந்துகொள்ள மறுத்தார். அதனைப் பிடிவாதம் என்பாரும் இருக்கலாம். நியாயமான கேட்பு என்பதே என் கருத்து.

இவ்விருவரும் இணைந்து 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கத்தை வென்றனர். அப்போட்டிகளில் ஸ்குவாஷில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. 2016இல் ஜோஷ்னா உலகின் முதல் பத்துப் பேருள் ஒருவரானார். புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை இடைவிடாது வென்ற 16 தேசியப் பட்டங்கள் எவராலும் எட்டவொண்ணாதவை எனக் கருதப்பட்டன. 2019இல் ஜோஷ்னா 17ஆம் பட்டம் பெற்று அவ்வெல்லையைக் கடந்தார். ஸ்குவாஷுக்கு 2028 ஒலிம்பிக்கில் இடமுண்டு என்று 2023இல் முடிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 37.

கதவு இதற்கிடையில் சற்று அகன்றிருந்தது. விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனம் வழியே வரும் ரயில் எழும்பூரைச் சேர்கிறது. அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லாத நேரு பூங்காவில் இந்திய ஸ்குவாஷ் பயிற்சிக்கழகம் உள்ளது. மலேசியாவைச் சேர்ந்த மேஜர் மணியம் அங்கே பலரைப் பயிற்றுவித்தார். கல்கத்தாவின் சௌரவ் கோஷாலும் அதனை நாடிச் சென்னைக்கு வந்தவரே.

2025 டிசம்பரில் சென்னையில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்தில் இந்திய அணி ஹாங்காங்கை வென்றது. அவ்வணியில் 39 வயது ஜோஷ்னாவும் 17 வயது அனாஹத் சிங்கும் ஒருங்கே ஆடினர். ஆடுகளம் அமைந்த இடம் ஒரு வணிக வளாகம். அதன் சுவர்கள் கண்ணாடியாலானவை.