கண்ணாடித் தகட்டில் ஒரு குதிரைத் தலை



தை மாத முன்னிரவில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்பதை நாம் காணலாம். அவற்றுள் ஒரு கோடியில் உள்ள மீனின் அருகே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் வாயுப் படலம் ஒன்று உண்டு. இத்தகைய படலத்தை நெபுலா என்பர்.

நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. நிழற்படத் தகடு சேர்த்து வைக்கும். 1880-இல் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர், ஏறக்குறைய 50 நிமிடம் ஒளியைத் தகட்டில் விழச் செய்து ஓரயன் நெபுலாவைப் படம் பிடித்தார். நெபுலா ஒன்றின் முதற்படம் அதுவே.

1888-இல் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் எடுத்த தகடொன்றைக் கூர்ந்து நோக்கிய வில்லியமினா பிளெமிங் என்ற பெண்மணி, ஒளிப்படலத்தில் கரிய வளைவு ஒன்றைக் கண்டார். ஒளியை மறைத்து நிற்கும் அத்தூசு முகிலே இன்று குதிரைத்தலை நெபுலா எனப்படுகிறது.

யார் இவர்? ஸ்காட்லாந்திலிருந்து 1878-இல் பிழைக்க வந்தவர். கருவுற்றிருந்தபோது கணவனால் கைவிடப்பட்டவர். ஆய்வுக்கூடத் தலைவர் பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 1881-இல் அவரே இவரை ஆய்வுக்கூடத்தில் நிலையாக அமர்த்தினார்.

ஆயினும் 1895-இல் வெளிவந்த நெபுலாப் பட்டியலில் இக்கண்டுபிடிப்புக்குப் பிக்கரிங்கின் பெயரே இருந்தது. ஆண்டுக்குத் தமக்கு 1,500 டாலர், ஆண்களுக்கோ 2,500 டாலர் என்று 1900-இல் தம் நாட்குறிப்பில் பிளெமிங் வருந்தி எழுதினார்.

இன்று வானநூல்கள் அவர் பெயரைச் சொல்கின்றன. கண்டதைப் போற்றும் நாம், கண்டவரையும் பெயர் சொல்லிப் போற்றுவோம்.