ரோமில் ஒரு பென்சில் பிழைப்பு

பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவன் நான். நிழல் போடச் சொன்னால் பிள்ளைகள் விரலால் தேய்த்து முகத்தைக் கரியாக்கிவிடுவார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது, 1819-இல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் பென்சிலால் வரைந்த பகனினி. வயலின் மேதையின் முகத்தில்தான் நுணுக்கமெல்லாம். அங்கே மெல்ல ஊர்ந்த பென்சில் முனை, அவர் போட்டிருந்த கோட்டுக்கு வந்ததும் வீச்சாக ஓடியிருக்கிறது.

அந்தப் பென்சிலே சண்டையால் வந்தது. இங்கிலாந்தின் பாரோடேல் மலையில் கிடைத்த கிராஃபைட்டை அப்படியே அறுத்துக் குச்சியாக்கலாம், அவ்வளவு சுத்தம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்தோடு போர் மூண்டதும் பிரான்சுக்கு அந்தச் சரக்கு நின்றது. பலூன் வாயுச் சோதனையில் ஒரு கண்ணைப் பறிகொடுத்த பிரெஞ்சுக்காரர் கோன்டே, மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். 1795-இல் காப்புரிமையும் வாங்கினார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. இன்று கடையில் எச்பி, டூபி என்று கேட்பதெல்லாம் அந்தக் கலவைக் கணக்குத்தான்.

அரசு உதவித்தொகையில் 1806-இல் ரோமுக்குப் போனவர் ஆங்க்ர். நெப்போலியன் விழுந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் மூட்டை கட்ட, ஓவியம் கேட்பார் இல்லாமல் போயிற்று. 1813-இல்தான் கல்யாணமாகியிருந்தது. குடித்தனம் நடக்க வேண்டுமே! சமாதானம் வந்ததும் ஊர் சுற்றிப் பார்க்க வந்த இங்கிலீஷ்காரர்கள்தான் கைகொடுத்தார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு அவர்கள் காத்திருக்க முடியாது. பென்சில் என்றால் ஒரே நாள் வேலை. காலையில் ஓர் அமர்வு, பிறகு சேர்ந்து சாப்பாடு, மதியம் இன்னோர் அமர்வு, ஆக மொத்தம் நாலு மணி நேரம் என்று அவர் மாணவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போதுதான் எதிராளி விறைப்பை விட்டு இயல்பாக இருப்பாராம். கெட்டிக்காரர்!

கதவைத் தட்டிய ஒருவர், சின்னப் படங்கள் வரைகிறவர் இங்கேதானா என்று கேட்க, இங்கே இருப்பவர் ஓவியர் என்று ஆங்க்ர் சீறியதாக ஒரு கதை உண்டு. நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சரித்திரப் படம்தான் பெரிய கலை என்று நம்பிய மனிதர் அவர். 1824-இல் மன்னர் பதின்மூன்றாம் லூயியின் பிரார்த்தனைப் படம் பாரிஸில் பேர் வாங்கித் தந்தது. அதற்கப்புறம் பென்சில் உருவங்களைப் பெரும்பாலும் நண்பர்களுக்காகவே வரைந்தார். அந்த லூயி படத்தில் மேகமும் மாதாவும் தேவதைகளும் நிறைய உண்டு. நான் பகனினி பக்கம்.