மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை: யாருக்கு நல்லது? யார் தவிர்க்கணும்?

திடீர்னு உடம்பெல்லாம் அனல், ராத்திரி வியர்வை, தூக்கமின்மை... மாதவிடாய் நிற்கும் வயதில் பல பெண்கள் படும் அவஸ்தை இது. அனலுக்கும் வியர்வைக்கும் அதிகப் பலன் தருவது ஹார்மோன் சிகிச்சைதான். ஆனால், 'கேன்சர் வந்துடும்'னு பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பயம் எப்படி வந்தது?

2002-ல் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. ஆனால், ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63!

யாருக்கு நன்மை?

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தொந்தரவு அதிகமுள்ள பெரும்பாலானோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம். எலும்பும் பலவீனமாகாமல் காக்கும்.

யாருக்கு ஆபத்து?

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் பொதுவாகத் தவிர்க்கணும். காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் முதலில் பரிசோதனை அவசியம்.

எதை கவனிக்கணும்?

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரலாம். அதனால் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தருவார்கள். தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல்லில் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்காதீங்க. வயது, மாதவிடாய் நின்ற ஆண்டு, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி முடிவெடுங்க.