மூக்கோரத்து மரு

மூக்கின் ஓரத்தில், தோல் நிறத்திலேயே, லேசாக மினுங்கும் ஒரு சிறு கட்டி. வலியில்லை, அரிப்பில்லை. காரைக்காலில் அதை மரு என்பார்கள். சுண்ணாம்பு வைப்பவர்களும் உண்டு. அது ட்ரைக்கோஎபிதீலியோமா என்னும் தீங்கற்ற மயிர்வேர்க் கட்டியாக இருக்கலாம். பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றாகவும் இருக்கலாம்.

மயிர்வேர்க் கட்டி பலவாக வந்தால் பெரும்பாலும் குடும்பவழி. 16ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவின் பழுது. சிறு வயதிலேயே மூக்கின் இருபுறமும் முளைக்கும். "அம்மாவுக்கும் இப்படி உண்டா?" என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். புற்று நடுவயதுக்குப் பின், வெயிலில் காய்ந்த தோலில், பெரும்பாலும் ஒற்றையாக வரும். கிளிஞ்சல்மேட்டில் ஆயுள் முழுக்க வலை இழுத்தவரின் மூக்கில் கண்டால் சந்தேகம் அந்தப் பக்கமே சாயும். ஆனால் மயிர்வேர்க் கட்டியும் பெரியவர்களுக்கு ஒற்றையாக வருவதுண்டு, சிக்கல் அங்கேதான். பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் இந்தப் புற்று பலநேரம் கறுத்து, மச்சம்போல் ஏமாற்றும்.

ஓரம் தடித்து, நடுவில் புண்ணாகி, பொருக்கு உதிர்ந்து மறுபடி ரத்தம் கசிந்தால் புற்றுக்கே வாய்ப்பு அதிகம். டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827இல் விவரித்த, இமையை அரிக்கும் புண் இதுதான். உடலெங்கும் பரவுவது மிக அரிது; இருக்கும் இடத்தைத் தின்றுகொண்டே போகும்.

நுண்ணோக்கியிலும் முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றே: கருநீலச் செல் திட்டுகள், விளிம்பில் வேலிபோல் வரிசை. கோடையில் வண்டல் வரப்பை விட்டு விலகுமே, அப்படிப் புற்றுத் திட்டு சுற்றுத்திசுவை விட்டு விலகி நிற்கும். மயிர்வேர்க் கட்டியில் திட்டும் சுற்றுத்திசுவும் ஒட்டியே கிடக்கும். வெடிப்பு வந்தாலும் அந்தத் திசுவுக்குள்தான். கெரட்டின் அடைந்த சிறு பைகளும், மயிர்வேரின் குமிழ் போன்ற முடிச்சுகளும் தென்படும். மேலாகச் சீவிய துண்டில் இதெல்லாம் பிடிபடாது, ஆழமாக எடுக்கவேண்டும்.

தவறினால் இருபுறமும் நட்டம்: இளம்பெண்ணின் மூக்கில் தேவையில்லாத வெட்டு, அல்லது முதியவரின் இமையில் வளரவிட்ட புற்று.

சதைப் பரிசோதனைக்கு ஊர்விட்டு ஊர் அலைய வேண்டிய காலம் இதுவல்ல; 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், காரைக்காலிலும் மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. மருவை எங்கே எடுத்தாலும், எடுத்த சதையைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலின் குப்பியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.