நான் ஏன் பிறந்தேன்?

திரைப்பட நடிகர் எம்.ஜி.ஆர். (1917–1987) ‘ஆனந்த விகடன்’ வார இதழில் 1970 முதல் 1972 வரை எழுதிய, முற்றுப்பெறாத தன்வரலாற்றுத் தொடர். தந்தையின் மறைவு, கும்பகோணத்து வறுமை, தாய் சத்தியபாமாவின் வளர்ப்பு, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனி, மனைவியரின் இறப்பு ஆகியன இதன் பொருள்.

இது புகழ் வளர்க்க எழுதியது என்பர் சிலர். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் என்பதால் அந்த ஐயம் இயல்பே. ஆயினும் ‘சதிலீலாவதி’யில் (1936) காவல் ஆய்வாளராகத் தோன்றியது முதல் ‘ராஜகுமாரி’யில் (1947) கதாநாயகனானது வரை, சிறு வேடங்களிலேயே கழிந்த 11 ஆண்டுகளின் ஏக்கத்தையும் ஏமாற்றத்தையும் அவரே எடுத்துரைக்கிறார். வெறும் விளம்பரத்துக்கு இவை தேவையில்லை. எனவே நடிகரின் மனவரலாறாகவே இதைக் கொள்வது தகும். முதலமைச்சர் பதவிக்காலம் (1977 முதல்) இதில் இடம்பெறவில்லை.