கல்லூரி வாயிலில் ஊராரும் அயலாரும்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் தாணேயிலுள்ள நம் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழக் காண்கிறோம். "நாம் தமிழர் ஆயிற்றே, மராட்டிய மாநிலத்து அரசுக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் தருவார்களா?" என்று ஒரு தாய் கேட்பார். "ஊருக்கு அனுப்பிவிட்டால் அங்கே எளிதில் கிடைத்துவிடுமே" என்று ஒரு தந்தை கூறுவார். இரண்டும் அச்சத்தில் பிறந்த பேச்சுகளே. இவற்றுக்குரிய விடை நம் நாட்டு நீதிமன்ற வரலாற்றில் இருக்கிறது. அதனைச் சுருங்க எடுத்துரைக்க விழைகிறோம்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குடிமக்களிடையே அரசு வேற்றுமை பாராட்டலாகாது என்று விதிக்கிறது. பிறப்பிடம் என்ற சொல் அங்கே உண்டு. குடியிருப்பு என்ற சொல் இல்லை. பின்வந்த வழக்குகளுக்கெல்லாம் இதுவே வித்தாயிற்று.

இந்தூர் நகரத்து மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில், மத்திய பாரத மாநிலத்தில் குடியிராத மாணவரிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கி வந்தனர். தில்லியிலிருந்து சென்று சேர்ந்த மாணவர் ஒருவர் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1955-இல் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் தமிழகத்து டி. எல். வேங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை பெற்று, 1944-இல் சங்கீத கலாநிதி விருது ஏற்றவரும் இவரே. பிறந்த இடம் வேறு, வாழும் இடம் வேறு. கல்லூரியின் செலவை ஏற்கும் மாநிலம் தன்னிடம் வாழ்வோர்க்குச் சலுகை காட்டுவது குற்றமாகாது என்று அவர் முடிவு செய்தார். நீதிபதி ஜகந்நாததாஸ் மாறுபட்டார். தில்லி மாணவர் தோற்றார்.

இதற்குப்பின் மாநிலங்கள் வாயிலை மேலும் இறுக்கின. 1984-இல் நீதிபதி பகவதி, மருத்துவப் பட்டப் படிப்பின் இடங்கள் அனைத்தையும் உள்ளூரார்க்கே ஒதுக்குதல் ஆகாது, ஒதுக்கீடு எழுபது விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று தீர்ப்புரைத்தார். 1986-இல் அம்முறை திருத்தப்பட்டு, அரசுக் கல்லூரிகளின் மொத்த இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்தியத் தேர்வுக்கு உரியவை என வகுக்கப்பட்டது. வெளி மாநிலத்தார் அனைவரும் போட்டியிடும் வாயில் அந்தப் பதினைந்தே. 2025 சனவரியில், மருத்துவ மேற்படிப்பில் குடியிருப்பை வைத்து ஒதுக்குதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பட்டப் படிப்பில் ஒதுக்கீடு தொடர்கிறது.

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். எந்தத் தீர்ப்பும் ஒருவன் வீட்டில் பேசும் மொழியைக் கேட்கவில்லை. அவன் எங்கே வாழ்ந்தான், எங்கே படித்தான் என்றே கேட்டது. தாணேயில் வளர்ந்து, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இம்மாநிலத்திலேயே தேறி, குடியிருப்புச் சான்றும் பெற்ற தமிழ்ப் பிள்ளை எண்பத்தைந்துக்கும் போட்டியிடலாம், பதினைந்துக்கும் போட்டியிடலாம். கல்வாவில் தாணே மாநகராட்சி 1992-இல் நிறுவிய மருத்துவக் கல்லூரியிலும் அவன் உள்ளூரானே. தில்லி மாணவரை வெளியே நிறுத்திய அதே நியாயம் நம் பிள்ளையை உள்ளே அழைக்கிறது. பாட்டி வீட்டில் இருக்கட்டும் என்று இடையில் ஊருக்கு அனுப்பப்பெற்ற பிள்ளையோ, இங்கே அயலானாகிறான். அங்கும் வெளியில் படித்த ஆண்டுகளுக்காகச் சான்று கேட்கப்படுகிறான். இரண்டுங்கெட்டான் நிலை இதுவே.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. ஆந்திரத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதிலேயே மும்பைக்கு வந்து, இங்கேயே பள்ளிக் கல்வி முடித்த மாணவர் ஒருவர், பரேலிலுள்ள சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர்க்குரிய இடத்தை வேண்டினார். பிறந்த மாநிலத்துப் பட்டியல் சலுகை குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. தாராவியில் தலைமுறைகளாக உழைத்த நம் பட்டியல் சாதிக் குடும்பங்களையும் இவ்விதி தொடுகிறது. பொது இடத்துக்கு உள்ளூரானாகக் கொள்ளப்படும் பிள்ளை, சலுகை என்றதும் அயலானாகிவிடுகிறான். 1950 ஆகஸ்ட்டு 10-க்கு முன்பே தம் முன்னோர் இங்கு வாழ்ந்ததையும், தம் சாதி இம்மாநிலப் பட்டியலில் இருப்பதையும் காட்ட வல்லவர்க்கே இங்கு வழியுண்டு.

ஆதலின் அன்பர்களே, பாட்டனார் காலத்துச் சால் வாடகைச் சீட்டு, பங்கீட்டு அட்டை, பள்ளிப் பதிவு ஆகியவற்றைப் பழந்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். குடியிருப்புச் சான்றுக்குப் பொதுவாகப் பதினைந்து ஆண்டு வாழ்வைக் காட்ட வேண்டியிருப்பதால், பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டுமுன்பே அதனைத் தேடத் தொடங்குங்கள். ஆவணமின்றித் தவிக்கும் அண்டை வீட்டார்க்கு, விவரமறிந்தோர் உடன் சென்று உதவுக. மதிப்பெண்ணைப் பிள்ளை ஈட்டுவான்; அவன் இவ்வூரான் என்பதற்குரிய சான்றைத் தேடித் தருவது பெற்றோராகிய நம் கடமை.